ஒன்பது இறக்கைகள்

அந்தக் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் அவள் வீட்டைக் காட்டிவிடுவார்கள். "காத்துக்காரம்மா வீடா? நேரா மேல போங்க. மூச்சு வாங்கி எந்த இடத்துல நிக்கிறீங்களோ, அதான் வீடு." முதல்முறை கேட்கிறவர்கள் பேய் ஓட்டுகிற வீடோ என்று கொஞ்சம் தயங்குவார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எல்லாம் மின்விசிறி விவகாரம்தான். எவர் வீட்டு ஃபேன் கடகடத்தாலும், இழுத்து இழுத்துச் சுற்றினாலும், முதலில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவளும் சும்மா சொல்லிவிட மாட்டாள். நன்றாக நாலு திட்டு திட்டிவிட்டுத்தான் சொல்வாள்.

"மெதுவா சுத்துதா? கண்டென்சர் மாத்திப் பாத்தியா? பாக்கல. பைய எடுத்துக்கிட்டுப் புது ஃபேன் வாங்கக் கிளம்பிட்ட. செருப்பு வார் அறுந்தா காலையா மாத்துவ?"

அவளுக்கு இந்த ஞானம் புத்தகத்தில் வந்ததில்லை, வெயிலில் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் குடியிருந்ததெல்லாம் மேல்மாடிதான். வாடகை குறைவு என்று ஏறினார்கள், பிறகு இறங்கவே இல்லை. முதல் வீட்டில் கூரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கிழட்டு ஃபேன். சத்தம் போடும், காற்று வராது. பிள்ளைத்தாய்ச்சியாக அதன் கீழே படுத்துக்கொண்டு, அது ஏன் இப்படி என்று மல்லாந்து யோசித்து யோசித்தே பாதி வித்தையைக் கற்றுக்கொண்டாள்.

சொந்த வீடு வாங்கியபோதும் மேல்மாடிதான் கைக்கு எட்டியது. சரி, வெயில் நம்மை விடாது, நாமும் அதை விடப்போவதில்லை என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஃபேன் கடைக்குப் போனாள். கடைக்காரர் தங்கப்பூ போட்டது, விளக்கு வைத்தது, மரம் மாதிரி இருப்பது என்று வரிசையாகக் காட்டினார்.

"இதுல நாலு விளக்கு எரியும்மா. பாக்கவே அம்சமா இருக்கும்."

"விளக்கையெல்லாம் அணைங்க. காத்தை மட்டும் போடுங்க."

போட்டார். எல்லாரும் ஃபேனுக்கு நேர் கீழே நின்று பார்ப்பார்கள். இவள் விறுவிறுவென்று கடையின் மூலைக்குப் போய் நின்றுகொண்டாள். நேர் கீழே எந்த ஃபேனும் வீசும், மூலைக்கு வருகிறதா என்பதுதான் கணக்கு. அடுத்து, ஒன்றாம் எண்ணில் வைக்கச் சொல்லிக் காதைக் கொடுத்தாள். வேகத்தில் மறைந்துபோகிற முனகல் எல்லாம் மெதுவாக ஓடும்போதுதான் வெளியே வரும். கடைசியில் அகல இறக்கை, பூவும் கோடும் இல்லாத வெறும் வெள்ளை, ஒரே மாதிரி மூன்று வாங்கினாள்.

"பூ போட்டது வேணாமாம்மா?"

"பூவுல அழுக்கு சேந்தா நீங்க வந்து தொடைப்பீங்களா?"

மாட்ட வந்தவர் குட்டைக் கம்பியைப் போட்டுக் கூரையோடு ஒட்டவைக்கப் பார்த்தார். "அப்புறம் அது மேலேர்ந்து எந்தக் காத்தை இழுக்கும், உங்க மூச்சுக்காத்தையா?" என்று கேட்டு நீளக் கம்பி வாங்கிவரச் செய்தாள். அன்றிலிருந்து கூடத்தில் ஒன்று, இரண்டு அறைகளில் ஒவ்வொன்று. மாதம் தவறாமல் பழைய தலையணை உறையை ஒவ்வோர் இறக்கையிலும் மாட்டி உருவுவாள். தூசி அத்தனையும் உறைக்குள் விழும், கீழே படுக்கையில் ஒரு பொட்டு விழாது. வருஷத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு இறக்கைகளைக் கழற்றிக் கழுவுவாள். அதில் ஒரு சட்டம்: ஒரு ஃபேன் முடிந்த பிறகுதான் அடுத்தது.

அந்தச் சட்டத்தை அவளே உடைத்த கதைதான் இது.

மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போவது என்பதில்தான் இழுபறி. மகளுக்கு அம்மா வீட்டுக்கு வர ஆசை. சம்பந்தியம்மாவுக்கோ அது பிடிக்கவில்லை. அவர் வார்டில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வெறுமனே வீம்பு பிடிக்கிறவர் இல்லை. "மேல்மாடி, வெயில் அடிக்கும். ஃபேன் சத்தத்துல குழந்தை திடுக் திடுக்குன்னு முழிக்கும். எங்க வீட்டுல ஏசி இருக்கு" என்றார். ஏசி போட்டால் மகளுக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் ஒரு படி இறங்கிவந்தார். நாளைக்கு மதிய வெயிலில் நேரில் வந்து அறையைப் பார்ப்பேன், சரியாக இருந்தால் குழந்தை அங்கே, இல்லாவிட்டால் பேச்சில்லை என்றார்.

மகள் போனில் கிசுகிசுத்தாள். "அம்மா, அவங்க கண்ணு ஊசிக்கண்ணு. ஏதாவது ஒண்ணு கெடச்சாப் போதும்."

"வரட்டும். என் வீட்டு ஃபேன்ல குத்தம் கண்டுபிடிக்க இனிமேதான் ஒருத்தி பொறக்கணும்."

வீறாப்பாகப் பேசிவிட்டாள். போனை வைத்ததும் கை பரபரத்தது. சம்பந்தியம்மா வந்து விரலால் தடவினால் ஒரு இழை அழுக்கு ஒட்டக்கூடாது. மூன்று ஃபேனின் இறக்கைகளையும் ஒரே மூச்சில் கழற்றி, கழுவுகிற வேலையை வீட்டுக்காரரிடம் தள்ளினாள்.

அவர் அச்சகத்தில் தாள் அடுக்குகிறவர். அச்சாகி வருகிற தாள்களை மேஜையில் தட்டித் தட்டி, ஓரம் ஒட்டி, ஒரு முடி நீட்டாமல் கட்டாக்குவதுதான் பிழைப்பு. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. துணியோ தட்டோ எது கிடைத்தாலும் ஓரம் தட்டி அடுக்கிவிடும்.

சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி, குழந்தைக்கு என்று ஒதுக்கிய அறையின் ஃபேனைப் போட்டாள். அது கிறுகிறுத்துப் போனவனைப் போல ஆடியது. வேகம் கூட்டக் கூட்டக் கம்பியே ஊசலாடி, டக் டக்கென்று அடித்தது. ஓடிப்போய்க் கூடத்து ஃபேனைப் போட்டாள். அதுவும் ஆட்டம். மூன்றாவது கொஞ்சம் மரியாதையாக ஆடியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"மோட்டார் போயிடுச்சு போல. கடை திறந்துதான் இருக்கும், புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்றார் அவர்.

"காலைல வரைக்கும் நல்லா ஓடின மூணு மோட்டாரும் சொல்லிவச்சுக்கிட்டு ஒரே நாள்ல போகுமா?" ஸ்டூலில் ஏறிக் கையால் மெல்லச் சுற்றிவிட்டாள். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி சத்தமே இல்லாமல் சுற்றியது. மோட்டாரில் ஒன்றுமில்லை. திருகாணிகளும் இறுக்கமாகத்தான் இருந்தன. அவள் மெதுவாகத் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"ஏங்க, கழுவின இறக்கைய எப்படி வச்சீங்க?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஒரே கட்டுதான். ஒன்பதும் ஓரம் தட்டி, ஒண்ணுமேல ஒண்ணு. கொஞ்சங்கூடப் பிசகல."

"மூணு ஃபேனோட இறக்கையும் கலந்தா?"

"எல்லாம் ஒரே அளவுதானே? தனித்தனியா வச்சா பாக்கவே நல்லால்ல."

அவள் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஃபேனின் மூன்று இறக்கைகளும் கம்பெனியிலேயே எடை பார்த்துச் சேர்த்த உடன்பிறப்புகள். பக்கத்து ஃபேனின் இறக்கை பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் எடையில் இம்மி கூடக் குறைய இருக்கும். அந்த இம்மி வேகமாகச் சுற்றும்போது மலையாகிவிடும். பூ போட்டதில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று என்று வாங்கியிருந்தால் கண்ணாலேயே பிரித்திருக்கலாம். ஒரே மாதிரி மூன்று வாங்கிய அவளுடைய கெட்டிக்காரத்தனமே இப்போது எதிரே நின்று பல்லிளித்தது.

"எனக்கு என்னம்மா தெரியும்? நீதான் எப்பவும் ஒவ்வொண்ணா கழட்டுவ" என்றார் அவர், மெதுவாக.

அது நிஜம்தான், சட்டத்தை உடைத்தது அவள்தான். அவள் வேலையில் இறங்கினாள். ஒன்பது இறக்கைகளையும் மறுபடி கழற்றிப் போர்வையில் சுற்றிக்கொண்டு கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே இருந்த பெண் கேக் செய்து விற்பவள். கிராம் பிசகாமல் காட்டுகிற தராசு அவளிடம்தான் இருந்தது.

"என்னக்கா, விமானத்தைப் பிரிச்சுட்டீங்களா?"

"வாய மூடிக்கிட்டுத் தராசை எடு. மாவு ஒட்டியிருந்தா தொடை."

ஒவ்வொன்றாக வைத்தார்கள். தராசின் தட்டு சிறியது, இறக்கை நீளம். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் நடுவாக நிறுத்த வேண்டியிருந்தது. கேக்குக்காரப் பெண் எண்ணைச் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர் பென்சிலால் இறக்கையின் முதுகில் எழுதினார். முதல் நாலைந்து வரைக்கும் ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் தாயைக் கண்டதும் ஓடி வருகிற மாதிரி, எண்கள் தாமாகவே மூன்று மூன்றாகச் சேர்ந்தன. கனமான மூன்று, நடுத்தரம் மூன்று, லேசான மூன்று.

"பாத்தியாடி!" என்று கேக்குக்காரப் பெண்ணின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அக்கா, வலிக்குது. இதுக்குப் பேர்தான் பாராட்டா?"

வீட்டுக்காரர் இந்த முறை மூன்று கட்டாகக் கட்டினார். ஓரம் தட்டாமல் இருக்க அவர் கை பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மாட்டிய பிறகும் அவள் விடவில்லை. குழந்தை அறையில் ஒரு குச்சியைக் கூரையில் முட்டுக்கொடுத்து, இறக்கை நுனி வருகிற இடத்தில் அடையாளம் வைத்தாள். கையால் சுற்றிவிட, மற்ற இரண்டு நுனிகளும் அதே அடையாளத்துக்கு வருகின்றனவா என்று பார்த்தாள். ஒன்று நூலளவு தாழ்ந்திருந்தது. கழற்றி மாட்டிய அவசரத்தில் வளைந்திருக்க வேண்டும். பக்குவமாக அமுக்கி நிமிர்த்தினாள். ஸ்விட்சைப் போட்டாள். மூன்று இறக்கையும் ஒரே வட்டமாகி, கம்பி நட்டுவைத்த மாதிரி நின்றது.

அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஓடுதா, நிக்குதா?"

"கீழ வந்து நில்லுங்க. உங்க முடி சொல்லும், இருந்தா."

மறுநாள் உச்சி வெயிலில் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியதில் வாசலில் பேச்சு வரவில்லை. தண்ணீர் குடித்ததும் நேராக அறைக்குள் போனார். ஜன்னல் கம்பியில் விரலை ஓட்டினார். ஒன்றும் ஒட்டவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"சம்பந்திம்மா, ஃபேன் போடலையா?"

"நல்லாப் பாருங்க. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

உதட்டோரத்தில் லேசாகச் சிரிப்பு வந்ததை சம்பந்தியம்மா உடனே மடித்து வைத்துக்கொண்டார். "பழசு ஆச்சே. கொக்கியெல்லாம் தாங்குமா?"

"கொக்கி ரப்பரு, கம்பியோட பின்னு, ரெண்டையும் நேத்து கையால தொட்டுப் பாத்தாச்சு. நம்ம ரெண்டு பேரு முட்டியவிட உறுதியா இருக்கு."

"கூரை சூடு இறங்குமே?"

"மொட்டை மாடில வெள்ளை அடிச்சாச்சு. சந்தேகமா இருந்தா செருப்பில்லாம ஏறிப் பாருங்க."

சம்பந்தியம்மா ஏறவில்லை. கைப்பையிலிருந்த, காயத்துக்குப் போடும் மெல்லிய கட்டுத்துணியில் ஒரு பட்டையைக் கிழித்து எடுத்தார். தொட்டிலுக்குப் பக்கத்தில், குழந்தையின் முகம் வரும் உயரத்தில் பிடித்தார். தொட்டிலை ஃபேனுக்கு நேர் கீழே வைக்காமல் சுவரோரமாகத்தான் போட்டிருந்தாள். இரண்டாம் எண்ணில் துணி மெல்ல அசைந்தது, படபடக்கவில்லை. தாய் படுக்கப்போகிற கட்டிலருகே பிடித்தார். அங்கே நன்றாகவே பறந்தது. வார்டு வார்டாகப் பார்த்த அவர் கண் ஒரு நிமிஷம் அந்தத் துணியிலேயே நின்றது.

"குழந்தை மூஞ்சில நேரா அடிக்கக்கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. என் பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப ஃபேனுக்கு நேர் கீழ போட்டேன். மூக்கு ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. அவதான் சொன்னா."

சம்பந்தியம்மா கட்டிலில் உட்கார்ந்தார். சும்மா சோதித்துப் பார்க்கிற மாதிரி சாய்ந்தார். பிறகு காலையும் மேலே தூக்கிப் போட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து, கண்ணாலேயே என்ன என்று கேட்டார். காத்துக்காரம்மா கையமர்த்தினாள். உள்ளேயிருந்து மெல்ல ஒரு குறட்டை வந்தது. அந்த அறையில் அப்போது கேட்ட ஒரே சத்தம் அதுதான்.

எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அந்த அறையிலிருந்தே மருமகளுக்குப் போன் போட்டார். எல்லார் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏம்மா, பாத்துட்டேன். ரூம்பு எங்க வார்டை விட நல்லா இருக்கு. ஃபேன் ஓடுறதே தெரியல. உங்கம்மா வாய்க்குத்தான் ஒரு ரெகுலேட்டர் வாங்கி மாட்டணும். நாளைக்கு நேரா இங்கயே வந்துடு."

போனில் மகள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, சரியாகக் கேட்கவில்லை.

"அழுவுறதெல்லாம் இங்க வந்து அழு" என்று அம்மா போனுக்குள் கத்தினாள். "குழந்தை துணியெல்லாம் எடுத்து வை. அப்பா காலைல வண்டியோட வருவாரு. சம்பந்திம்மா, நீங்களும் கூடவே வந்து நாலு நாள் இருங்க. தூக்கம் நல்லா வருது உங்களுக்கு இங்க."

"தூங்கலையே. கண்ணை மூடிட்டுச் சத்தம் வருதான்னு கவனிச்சேன்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு."

சம்பந்தியம்மாவைப் படி வரைக்கும் வழியனுப்பிவிட்டு வந்தாள். நேற்று ராத்திரியிலிருந்து அவள் ஓய்வாக உட்காரவே இல்லை. கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு, ஃபேனை ஐந்தில் வைத்து, வேர்த்த கழுத்தைக் காற்றுக்குக் காட்டியபடி காலை நீட்டினாள்.

"ஏங்க."

"என்ன?"

"நல்ல ஃபேனுதாங்க வாங்கியிருக்கேன்."