அழகம்மாளின் அட்டையில் ராசாத்தியின் கன்னம்

கொடைக்கானலில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராகச் சேர்ந்த முதல் வருடம், அப்போது புதிதாக வந்திருந்த பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதி வைத்தேன். நோயாளியிடம் பார்க்க வேண்டியவை: முகம் வட்டமாகிறதா? பசி தாங்கவில்லையா? தூக்கம் கெட்டதா? மலம் கறுப்பா? சிறுநீரில் சர்க்கரையா?

கிளாவரை கிராமத்து அழகம்மாள் ஆஸ்துமாவுக்காக மாதக்கணக்கில் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர். ஒருநாள் காலை மகள் ராசாத்தியின் தோளைப் பிடித்தபடி வந்து பெஞ்சில் சரிந்தார். மூச்சு இழுத்தது. இரண்டு முறை வாந்தி.

"கெழங்கு லாரியில வந்தது கொமட்டுதுங்க. வேற ஒண்ணுமில்ல."

மலைப்பாதையில் வருகிற எல்லோரும் வாந்தி எடுப்பார்கள். நானும் நம்பிவிட்டு அட்டையை எடுத்தேன். பூசணியாக இருந்த அவர் முகம் வற்றியிருந்தது. பக்கத்தில் ராசாத்தி நாலாவது மலைவாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாள். முன்பு ஒட்டிக் கிடந்த அவள் கன்னம் இப்போது கண்ணை மறைத்தது.

"தூக்கம் வருதா?" என்று அவளைக் கேட்டேன்.

"எங்கிட்டு வருதுக்கா? வெள்ளனே எந்திரிச்சு சோத்துப்பானைய வழிச்சுருறேன்."

அழகம்மாள் அட்டையில் மூன்று குறி விழுந்தது. மூன்றும் ராசாத்திக்கு.

"அம்மா, மாத்திரைய யாரு சாப்பிடுறா?"

"அதத் தின்னுதான கம்பவுண்டரம்மா எனக்கு மொகம் பூரிச்சுச்சு! இவளப் பொண்ணு பாக்க வாராக. குச்சியாவா நிப்பாட்டுறது? மொதல்ல ஆளுக்குப் பாதி. போன வாரத்துலருந்து மொத்தமும் அவளுக்கு."

வெகுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டரை ஓடிப்போய் அழைத்தேன். ரத்த அழுத்தம் படுத்துக் கிடந்தது. ஊசி, சலைன். மாலையில் அழகம்மாள் எழுந்து உட்கார்ந்து, ஊசி குத்திய கையைக் காட்டி என்னைத் திட்டினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ராசாத்திக்கும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் டாக்டர். அழகம்மாளுக்கு ஒரே கவலை.

"கன்னம் வத்துறதுக்குள்ள அவக வந்துருவாகளா?"

வந்துவிட்டார்கள். கல்யாணமும் நிச்சயமானது. மறுமாதம் மாப்பிள்ளையின் தாயார் ஒல்லியான தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் என் ஜன்னலுக்கு வந்தார்.

"சம்பந்தியம்மா சொன்னாக. அந்தச் சத்து மாத்திரை இவனுக்கும் குடுங்க தாயி, வெரசா."

அன்றே எல்லா அட்டைகளிலும் ஆறாவது வரி சேர்த்தேன்: இந்த மாத்திரையை வீட்டில் வேறு யார் சாப்பிடுகிறார்கள்? இப்போது முதலில் கேட்பது அதைத்தான். கேட்கும்போது நோயாளியைப் பார்ப்பதில்லை; கூட வந்தவர் கன்னத்தைப் பார்க்கிறேன்.