கேம்புக்குப் போட்ட தலைக்கட்டு வரி

வானூர் தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்று மரக்காணத்துக்கே திரும்பி வந்த பிறகு, ஊரில் எனக்கு ஒரே ஒரு தகுதிதான் மிஞ்சியிருந்தது: எந்த விண்ணப்பத்தை எந்த மேஜையில் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வேலை இல்லாதவன், ஸ்கூட்டர் வைத்திருப்பவன் என்ற இரண்டும் அதோடு சேர்ந்துகொண்டன. பொதுச் சேவைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டான்.

2005-ஆம் வருடம் கோடையின் தொடக்கத்தில் இளைஞர் மன்றத்துச் செயலாளர் வந்தார். பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். சுனாமிக்குப் பின் கடற்கரைக்கு வந்துபோன வெளிநாட்டு அமைப்புகளில் ஒன்று, அந்த ஜூலையில் ஒரு கோடைக்கால முகாம் நடத்த விரும்புகிறது என்றார். பல நாட்டு இளைஞர்கள் பன்னிரண்டு பேர் வந்து நம் பிள்ளைகளோடு இரண்டு வாரம் தங்குவார்கள். அதற்குப் பதிலாக அடுத்த கோடையில் நம் பிள்ளைகள் இரண்டு பேர் அங்கே நடக்கும் முகாமுக்குப் போவார்கள். விமானச் செலவு அவர்களுடையது. இங்கே தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவு நம்முடையது.

"அத அவங்களே அனுப்பிடறேன்றாங்க சார். நாமதான் வேணாம்னு சொல்லணுமாம்ல?"

"நாம வேணாம்னு சொல்லல. சட்டம் சொல்லுது. வெளிநாட்டுப் பணம் வாங்கணும்னா மன்றம் டெல்லியில பதிவு பண்ணியிருக்கணும். நீங்க திண்டிவனத்துல இருக்குற பதிவையே புதுப்பிக்கல."

அவர் என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கிவிட்டுப் போனார்.

அந்த ஜூலை அவர்களுக்குத்தான் கோடை விடுமுறை. நமக்குப் பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஆகவே பள்ளிக்கூடக் கட்டடம் கிடைக்காது. மீனவர் குப்பத்தின் ஓரத்தில் இருந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்தைக் கேட்டு எழுதினேன். புயல் வந்தால் உடனே காலி செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. ஜூலையில் இந்தக் கரைக்குப் புயல் வருவதில்லை என்பது கோப்புக்குத் தெரியாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வெளிநாட்டவர் தங்குவதற்கான படிவத்தைப் பற்றிச் சப் இன்ஸ்பெக்டருக்கு நானே விளக்கினேன். அவர் நன்றியோடு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

நன்கொடைக்கு முதலில் உப்பள முதலாளிகளிடம் போனேன். மரக்காணத்தில் காசு உள்ளவர்கள் என்றால் அவர்கள்தான். எல்லோரும் உட்கார வைத்துப் பேசினார்கள். எல்லோரும் கொடுத்தார்கள். கொடுத்தது உப்பு. மூன்று மூட்டை உப்பு என் வீட்டு வராந்தாவில் இறங்கியது. பன்னிரண்டு பேர் ஆயுள் முழுக்கத் தின்றாலும் தீராது. உப்பு விளைவிக்கிறவர்களிடம் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை ஆபீசில் இருந்தபோது யாராவது எனக்குச் சுற்றறிக்கையாக அனுப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் கைகொடுத்தது குப்பம்தான். முகாம் நடக்கப் போவது தங்கள் எல்லையில் என்பதால் குப்பத்துத் தலைவர் தானே முன்வந்தார். அறுபது வயதுக்காரர், ஒரு பைபர் போட்டுக்குச் சொந்தக்காரர், சொன்ன சொல் மாறாதவர்.

"பிட் நோட்டீஸ் அடிச்சு, ரசீது புக்கு போட்டு, வூடு வூடா நிக்காதீங்க சார். அசிங்கம். நாங்க வரி போட்டுடறோம். திருவிழாவுக்கு எப்பிடியோ அப்பிடி."

அவர் சொன்னது தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. கோயில் திருவிழா, கோர்ட்டுக் கேஸ், ஏலக் கொட்டகைக்குக் கூரை, எதுவானாலும் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று கூட்டத்தில் முடிவு செய்வார்கள். பிறகு அன்று ராத்திரிக்குள் பணம் வந்துவிடும். முப்பது வருடம் அரசாங்கத்துக்காக வசூல் செய்தவன் நான். ஜப்தி நோட்டீஸ் இல்லாமல் இப்படி ஒரு வசூலை நான் பார்த்ததில்லை.

அவர் ஒன்றே ஒன்று கேட்டார். அடுத்த வருடம் போகிற இரண்டு பேரும் வரி கட்டின வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். நியாயமாகத்தான் பட்டது. செயலாளர் தலையாட்டினார்.

வசூல் நடந்த மறுநாள் காலை என் வீட்டு வாசலில் ஒரு மீன் கூடை இறங்கியது. தூக்கி வந்த குப்பத்து அம்மாளை எனக்குப் பல வருடமாகத் தெரியும். தினமும் பஸ் ஏறி வானூர் வரை வந்து தாலுகா ஆபீஸ் வாசலில் மீன் விற்பவர். எங்கள் ஆபீசில் ஹெட் கிளார்க் முதல் பியூன் வரை அவரிடம் பேரம் பேசித் தோற்றிருக்கிறார்கள். புருஷன் காய்ச்சலில் போய் வெகு நாளாகிவிட்டது. ஒரே மகள், புதுச்சேரியில் ஒரு காலேஜில் இரண்டாம் வருடம். அந்தப் பெண்தான் வெளிநாட்டுக்காரர்களுக்குப் போகிற எங்கள் பதில்களை எல்லாம் இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தாள். என் இங்கிலீஷ் கோப்புக்குத்தான் சரிப்படும் என்று அவள் மரியாதையாகச் சொல்லியிருந்தாள். அடுத்த வருடம் போகவேண்டும் என்ற ஆசையை அவள் மறைக்கவும் இல்லை.

"சார், ராத்திரி எல்லா வூட்லயும் வரி வாங்கினாங்க. என் வூட்டத் தாண்டிப் போய்ட்டாங்க. நானே காசு எடுத்தும்போய் நீட்டுறேன், 'வேணாம் தங்கச்சி, உங்கிட்ட வாங்குனா எங்களுக்கு அழகில்ல'ன்றாரு தலைவரு."

புருஷன் இல்லாத வீட்டில் தலைக்கட்டு இல்லை, ஆகவே வரி இல்லை. அது அந்த ஊர் பல தலைமுறையாகக் காட்டிவரும் இரக்கம். அந்த இரக்கத்தால்தான் அவர் மகள் இப்போது வரி கட்டாத வீட்டுப் பெண்.

"நன்கொடைன்னு எழுதிக்கலாமே" என்றேன். எந்தத் தடைக்கும் கணக்கில் ஒரு மாற்றுத் தலைப்பு உண்டு என்பது என் அனுபவம்.

"நன்கொட யாரு வேணா குடுக்கலாமே சார். அந்த உப்பு முதலாளிகூடத்தான் குடுத்தாரு. அவரு எங்க ஊரா?"

ஸ்கூட்டரை எடுத்தேன். தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் வருத்தத்தோடுதான் பேசினார். "பாவம் சார், கூடை தூக்குற பொம்பளை. அவகிட்ட வாங்கித் தின்னு கேம்பு நடத்தணுமா? கேம்புக்கு அந்தப் பொண்ணு வரட்டும், எல்லா வேலையும் பாக்கட்டும். போறது பத்தி அப்பறம் பாப்பம்."

அப்புறம் பார்ப்போம் என்பது எங்கள் ஆபீசிலும் புழங்கிய சொல்தான். அதன் பொருளை நான் அறிவேன்.

முகாம் நடந்தது. பன்னிரண்டு பேரும் வந்து இறங்கிய நாள் முதல் அந்தப் பெண்ணின் பின்னால்தான் போனார்கள். புயல் கட்டடத்தில் விசிறி போதாது என்றதும் ராத்திரி மணலில் பாய் விரிக்கச் சொன்னவள் அவள். குழம்பில் காரத்தைக் குறைக்கச் சொன்னதும், குறைத்த குழம்பை நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்று தெரிந்து இரண்டு குண்டான் வைக்கச் சொன்னதும் அவள். உப்பளத்துக்குக் கூட்டிப்போன அன்று, பாத்தியில் வெறுங்காலோடு இறங்குவேன் என்று ஒரு உயரமான பையன் அடம்பிடித்தான். இறங்கி நாலு அடி வைத்ததும் ஒற்றைக்காலில் நின்றான். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் பலகையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏம்மா, கொக்கு புடிச்சாந்தியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

அதை நம் காலேஜ் பெண் அப்படியே இங்கிலீஷில் அவனுக்குச் சொன்னாள். அவன் இன்னொரு காலையும் தூக்கப் பார்த்து உப்புத் தண்ணீரில் உட்கார்ந்தான். அன்றைக்குப் பிறகு முகாம் முழுக்க அவனுக்குக் கொக்கு என்றே பெயர். அவனும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு, தன்னைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டான்.

நான் பொருள் கணக்கையும், குடிநீர் லாரியையும், ஸ்டேஷனையும் பார்த்துக்கொண்டேன். அந்த அம்மாள் தினமும் காலையில் கூடையோடு பஸ்ஸுக்குப் போகும்போது கட்டடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போவார். மகளைக் கூப்பிட்டதில்லை.

வந்தவர்கள் போன மறுவாரம், யாரை அனுப்புவது என்று முடிவு செய்யக் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். எனக்கும் செயலாளருக்கும் விருந்தாளிகள் என்பதால் பிளாஸ்டிக் நாற்காலி. பெண்கள் கூட்டத்தில் உட்காருவதில்லை. சற்றுத் தள்ளி ஏலக் கொட்டகை நிழலில் வேறு வேலையாக நிற்பதுபோல நின்றார்கள்.

ஒரு பையன், ஒரு பெண் என்பதுதான் அமைப்பின் விருப்பம். பையன் சுலபமாக முடிவானான். பெண் என்றதும் சிக்கல். வரி கட்டின வீடுகளில் காலேஜ் போகும் பெண்கள் இருந்தார்கள். அப்பன்மார் அனுப்பத் தயாராக இல்லை. அனுப்பத் தயாராக இருந்த ஒரே வீட்டிடம் வரி வாங்கவில்லை.

"ரெண்டு பசங்களா அனுப்பிட்டா என்ன?" என்றது ஒரு குரல்.

தலைவர் என்னைப் பார்த்தார். "பொண்ணு நல்ல பொண்ணுதான் சார். யாரு இல்லன்னா? ஆனா வரி கட்டாத வூட்லேர்ந்து அனுப்புனா, நாளைக்கு அவனவன் நானும் கட்ட மாட்டேம்பான்."

நான் எழுந்து நின்றேன். எழுந்து நிற்காமல் எனக்குப் பேச வராது. "தலைவரே, கட்டாதது வேற, கட்ட வந்தும் வாங்காதது வேற. தாசில்தார் கிஸ்தி வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா, விவசாயி பாக்கிக்காரன் ஆக மாட்டான்."

"சார், அது ஆபீஸ் சட்டம். கடற்கரைக்கு எடுபடாது."

"வாங்க வேணாம்னதே நாமதானப்பா?" என்றான் ஓர் இளைஞன். "டேய், உக்கார்றா" என்றார் அவனுக்குப் பின்னால் இருந்த பெரியவர். அவன் உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஏலக் கொட்டகையிலிருந்து குரல் வந்தது. வானூர் தாலுகா ஆபீஸ் வாசலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மீன் விற்ற குரல்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். சுனாமிக்கு அரிசியும் பாத்திரமும் வந்தப்ப இந்த ஊர்ல இத்தினி தலக்கட்டுன்னு சொன்னீங்கள்ல, அதுல என் வூடும் இருந்துச்சா இல்லியா?"

இருந்தது. எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எண்ணிக்கை கூடினால் பொருள் கூடும் என்று புருஷன் இல்லாத வீடுகளையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். தப்பே இல்லை. அந்த வீடுகளுக்கும் ஒழுங்காகப் பங்கு போய்ச் சேர்ந்தது.

"குடுக்கறவங்க வந்து எண்ணும்போது நான் தலக்கட்டு. நான் குடுக்க வந்தா இல்லியா? இது எந்த ஊரு கணக்குண்ணே?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அதை மறைக்க இன்னொருவர் இருமினார். தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று.

"ஏம்மா, அங்க நின்னுகினு கத்தாத. இங்க வா" என்றார்.

அந்த அம்மாள் வந்தார். மணலின் விளிம்பு வரை வந்து நின்றார்.

"கேட்டது சரிதான். வாங்கிக்கறோம். ஆனா ஒண்ணு. ஒரு தடவ வாங்கிட்டா அப்பறம் எல்லா வரியும் உண்டு. கோயிலு, கேஸு, கொட்டா, எல்லாம். முடியலண்ணேன்னு வந்து நிக்கக் கூடாது."

"இதுவரைக்கும் எத்தினி தடவ வந்து நின்னேன்?"

"வாய்க்கே தனி வரி போடணும் உனக்கு" என்றார் தலைவர். கூட்டம் இப்போது வெளிப்படையாகச் சிரித்தது. முந்தானை முடிச்சிலிருந்து பணத்தை எடுத்து அந்த அம்மாள் நீட்ட, வசூல்காரர் தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார். பெண்ணின் பெயர் பையனின் பெயருக்கு அடுத்ததாகச் சொல்லப்பட்டது. யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் புருஷன் இல்லாத வேறு சில பெண்களும் வரியோடு தலைவர் வீட்டு வாசலில் நின்றதாகச் செயலாளர் வந்து சொன்னார். கேம்புக் கணக்கை நான் முடித்துவிட்டதால் அந்தப் பணம் கோயில் கணக்குக்குப் போயிற்று. தலைவர் ஒரு வாரம் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார். பிறகு சரியாகிவிட்டார்.

பாஸ்போர்ட், போலீஸ் விசாரணை, விசா எல்லாம் என் பொறுப்பு. அவை பற்றி நான் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், விட்டுவிடுகிறேன். ஒன்றைமட்டும் சொல்லவேண்டும். முகாமுக்கு வருகிற ஒவ்வொருவரும் தன் ஊரிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் என் வராந்தாவில் கிடந்த மூட்டையிலிருந்து இரண்டு கிலோ உப்பு அள்ளிக்கொண்டாள். பெட்டிக்குள் வெள்ளைப் பொடியோடு விமான நிலையத்தில் நுழைவது என்ன விளைவுகளைத் தரும் என்று நான் விளக்கினேன். அவள் கேட்கவில்லை. ஆகவே உப்பள முதலாளி ஒருவரிடம் போய், இது உப்புதான் என்று லெட்டர் பேடில் எழுதி முத்திரை வைத்து வாங்கி வந்தேன். முத்திரை கொஞ்சம் சாய்வாக விழுந்திருந்ததில் எனக்கு இன்றும் திருப்தி இல்லை.

2006 ஜூலையில் ஒரு காலை, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் ஸ்டாப்பில் இருவரையும் சென்னைக்கு ஏற்றிவிட்டோம். செயலாளர் போட்டோ எடுத்தார். தலைவர் வந்து இரண்டு பேருக்கும் விபூதி பூசினார். அந்த அம்மாள் மகளிடம் ஸ்வெட்டரைப் பற்றி ஏதோ சொன்னார், பஸ் கிளம்பியதும் சாலையின் எதிர்ப்பக்கம் போய்க் கூடையை இறக்கிவைக்கக் கை கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். வானூர் பக்கம் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"இந்த ஆடித் திருவிழாவுக்கு வரிய ஏத்திட்டாங்க சார்" என்றார்.

"கட்ட முடியலன்னு சொல்லக் கூடாதுன்னு பேச்சு" என்றேன்.

"யாரு முடியலன்னது? போன வருஷத்துக் கணக்க இன்னும் சொல்லல. சொல்லாம எப்பிடி ஏத்துவாங்க? கேக்கப் போறேன்."

"தலைவரையா?"

"அவர எதுக்குத் தனியா கேக்கணும்? கூட்டத்துலதான்."

பஸ் வந்தது. கூடையை முன்னால் ஏற்றிவிட்டு அவர் பின்னால் ஏறினார். கூட்டத்தில் கணக்குக் கேட்பதற்கான நடைமுறை ஒன்று உண்டு. முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.