வளர்ப்பறைக்கு ஒருத்தி

ஜெஜு தீவின் பழச்சாறு ஆலையில், பிழிந்து மிஞ்சும் கமலா ஆரஞ்சுச் சக்கைக்கு அந்த வருடம் மவுசு வந்துவிட்டது. சக்கையைத் தொட்டியில் கொட்டி பாக்டீரியாவை விட்டால், அது தின்று ஒரு நொதியைச் சுரக்கும். கலங்கிய சாற்றைத் தெளியவைக்கும் அந்த நொதியை வெளியூர் ஆலைகளும் கேட்டு வாங்கின. பாக்டீரியா வளர்க்கும் அறைக்கு ஒருத்தியை நிரந்தரமாக எடுக்கப்போவதாக மேலாளர் பியோன் சொல்லியிருந்தார்.

அந்த வேலைக்காகவே, சக்கை அள்ளும் மல்சுன் குளிர்காலம் முழுக்கப் புளித்த சோயாக் குழம்பைத் தொடவில்லை. அந்த சோயாவை நூல்விட வைக்கும் கிருமி உடம்போடு வந்து தொட்டியில் புகுந்தால் வளர்ப்பு கெட்டுவிடும். அவள் புருஷன் குழம்புக்கு ஏங்கி அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டான்.

ஆனால் பியோன் வாய்க்கு வாய் ஹ்வாயோங்கைத்தான் புகழ்ந்தார். இலையுதிர் காலத்தில் வந்தவள். அவள் வாயைத் திறந்தால், சக்கை குவிக்கும் மேட்டில் வேலைபார்க்கும் பெண்கள் சிரித்தார்கள். மல்சுன் பேசினால், "என்ன?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஹ்வாயோங்கின் ரப்பர் பூட்ஸ்கூட எப்படியோ அழுக்காகாமல் இருந்தது. மல்சுனுக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரிந்தது.

புது வளர்ப்பு போடும் காலையில் பியோன் இருவரையும் கூப்பிட்டார். ஹ்வாயோங் பக்கத்தில் வந்து நின்றதும் மல்சுனின் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. தலை குனிந்தபடி கேட்டாள்: "வீட்ல நேத்து என்னம்மா விசேஷம்?"

"மாமனாருக்கு அறுபது வயசு நெறஞ்சுதுக்கா. சோயாக் குழம்பு ரெண்டு கிண்ணம் தின்னேன். இந்தக் கோட்டோடதான் பந்தியே பரிமாறினேன்." சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பியோன் முகம் சுருங்கியது. "தள்ளி நில்லும்மா. கதவுப் பக்கமே வராத. மல்சுன், நீ உள்ள போ. இனிமே இந்த ரூம் உன் பொறுப்பு."

"போங்கக்கா," என்றாள் ஹ்வாயோங். "உங்க மூக்குக்குக் கோயில்தான் கட்டணும்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் மல்சுனுக்குப் பொறுக்கவில்லை.

மதியம் வளர்ப்பறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சக்கைமேட்டில், ஹ்வாயோங் மிச்சக் குழம்பைச் சூடுபண்ணிப் பெண்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் எதையோ சொல்ல, அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். வெள்ளைக் கோட்டில் தனியாக நின்ற மல்சுன், என்ன சொல்லியிருப்பாள் என்று ஹ்வாயோங்கின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.