கறுத்துச் சிவந்த ரத்தம்

ரத்ததான முகாமில் பைக்குள் இறங்கிய என் ரத்தம் கறுத்திருந்தது. தசைகளுக்கு ஆக்ஸிஜனைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் ரத்தம் அப்படித்தான் இருக்கும். அதைப் படிப்பதற்கு முன்பே, பள்ளிக்கூடம் போகாத என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

நாமக்கல் சந்தையில் அம்மா உறைந்த ஆட்டு ரத்தம் விற்பார். ஒரு ஞாயிறு, அவர் அறுத்துக் கொடுத்த துண்டைப் பார்த்த ஒரு பெண், “ஏனுங்க, நேத்து ரத்தமுங்களா? உள்ளார கறுத்துக் கெடக்குது” என்றார். பின்னால் நின்றவர்கள் நகரத் தொடங்கினார்கள்.

அம்மா கோபப்படவில்லை. அறுத்த பக்கத்தை மேலே திருப்பி வைத்தார். “செத்த நில்லுங்க. காத்துப் பட்டாச் செவக்கும். பழசுன்னாச் செவக்காது.”

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது. அந்தப் பெண்ணே போகிறவர்களைக் கூப்பிட்டார். “அட வாங்க, இன்னைக்கு அறுத்ததுதானுங்க.”

சட்டி சீக்கிரமே காலியானது. அப்படியொரு உயிரியல் வகுப்பு எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை.