மாமி சும்மா நெடுந்தீவு போனது

நெடுந்தீவுக்குத் தனியாகப் போய்வர விரும்புகிறவர்கள் இப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். கொழும்பிலிருந்து கேட்கிறார்கள், கனடாவிலிருந்து கேட்கிறார்கள். போன மாதம் வேலையிடத்துத் தோழி ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குறிகட்டுவானுக்கு வாருங்கள். பஸ் அதற்கப்பால் போகாது, அப்பால் கடல்தான். காலைப் போட்டில் ஏறுங்கள். தீவில் இறங்கிய கையோடு, கடைசிப் போட் எத்தனை மணிக்கு என்று மூன்று பேரிடம் கேளுங்கள். மூன்று பதில் கிடைக்கும். அதில் முந்தியதை நம்புங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதமென்றால் ஒரு மாற்றுடுப்பும் வையுங்கள். ஏன் தனியாக வந்தீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கடைசியில் சொன்னதை எனக்குக் காட்டித்தந்தவர் என் மாமி, அப்பாவின் தங்கை. அப்போது எனக்குப் பத்து வயது.

சண்டை முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் இறுப்பிட்டிக்குத் திரும்பி, வீட்டுக்குக் கூரை போட்டு, கிணற்றை இறைத்து, பனங்காணியில் வளர்ந்திருந்த பற்றையை வெட்டிக் குடியேறியிருந்தோம். அந்த வருடம் தை மாதத்தில் அப்பாவின் அப்பா, எங்கள் அப்பப்பா, இறந்துபோனார். எழும்பி நடக்க முடியாமல் பதினொரு வருடம் கிடந்தவர். அந்தப் பதினொரு வருடமும் அவரைத் தூக்கி இருத்தியதும் குளிப்பாட்டியதும் கஞ்சி பருக்கியதும் மாமிதான். மாமிக்கு முப்பத்தெட்டு வயது, கலியாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அப்பாவின் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டே மாமி சொன்னார்:

“அண்ணை, நாளைக்கு நான் நெடுந்தீவுக்குப் போறன்.”

“ஆற்றை செத்தவீடு?” என்று அப்பா கேட்டார்.

“ஒருத்தரும் சாகேல்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

“சும்மா. பாக்க.”

எங்கள் வீட்டில் சும்மா இருப்பது குற்றமில்லை. அப்பா மத்தியானம் முழுவதும் சும்மாதான் இருப்பார். சும்மா போவதுதான் குற்றம். செத்தவீட்டுக்குப் போகலாம், கலியாணவீட்டுக்குப் போகலாம், நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் போகலாம், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஷெல் விழுந்தால் எங்கும் போகலாம். பார்ப்பதற்காக ஒரு பொம்பிளை போட் ஏறினாள் என்று எங்கள் ஒழுங்கை வீடுகளில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

“ஐயா செத்து வருசம் திரும்பேல்லை. உனக்கு உல்லாசப் பயணம் கேக்குதோ? சனம் என்ன கதைக்கும்?” என்றார் அப்பா. ஐயா என்று அவர் சொன்னது அப்பப்பாவை.

“ஐயா கிடக்கேக்கை சனம் ஒருத்தரும் வந்து பீத்துணி தோய்க்கேல்லை. கதைக்கிறதெண்டால் கதைக்கட்டும்.”

“போனால் போனதுதான். பிறகு இந்த வாசல்படி மிதிக்கப்படாது.”

மாமி சோற்றுச் சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“அந்த வாசல்படி எனக்கெண்டு எழுதினது. மறந்து போச்சோ?”

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் சீதனமாகப் போகும். அந்த வீட்டை அப்பப்பா மாமியின் பெயரில் எழுதிவைத்திருந்தார். மாப்பிள்ளை வரவில்லை. வீடு மட்டும் மாமியுடையதாக இருந்தது, அதில் நாங்கள் இருந்தோம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

வழி கண்டுபிடித்தது அம்மா. “மச்சாள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோவன்” என்றார். தனியே போகும் பெண்ணை ஊர் ஒரு விதமாகப் பார்க்கும். கையில் ஒரு பிள்ளை இருந்தால் அவள் குடும்பமாகிவிடுவாள். அடுத்த நாள் விடியப்புறம் அப்பா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, மாமி யாரோடெல்லாம் கதைக்கிறார் என்று வந்து சொல்லவேண்டும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. மாமிக்குக் காவலாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு வரிசை. நயினாதீவுக்குப் போகும் வரிசையில் அருச்சனைத் தட்டுகள் இருந்தன. நெடுந்தீவு வரிசையில் அரிசி மூட்டை, எரிவாயுச் சிலிண்டர், கட்டிப்போட்ட இரண்டு கோழி, பிறகு நாங்கள். வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஒருவர் மாமியை நிறுத்தினார்.

“ஆர் வீட்டை போறியள், அக்கா?”

“ஒருத்தர் வீட்டையுமில்லை.”

“ஆம்பிளையள் ஒருத்தரும் வரேல்லையோ?”

“போட்டை ஓட்டுறது ஆம்பிளைதானே? அவர் ஒருத்தர் காணும்.”

பின்னால் நின்ற நெடுந்தீவுப் பெண்கள் சிரித்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஊர்ச்சனம் எல்லாம் ஏறி, மிச்சமிருந்தால் பார்ப்போம் என்று எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். மாமி தள்ளி நின்றார், ஆனால் போட்டில் ஏறும் பலகைக்கு நேரே நின்றார். மூட்டை ஏறியது, சிலிண்டர் ஏறியது, கோழிகளும் ஏறின. கடைசி ஆள் ஏறியதும், யாரையும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு மாமி ஏறிவிட்டார். ஏறியவரை இறக்குவது ஏறவிடாமல் தடுப்பதைவிடக் கடினம் என்று அன்று கண்டேன். இன்றுவரை பல இறங்குதுறைகளில் அது எனக்கு உதவியிருக்கிறது.

போட்டின் அடித்தட்டில் டீசல் மணத்தது. எனக்கு வாந்தி வருகுது என்று மாமியிடம் சொன்னேன். மாமி பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து நகத்தால் கீறித் தந்தார். “இதை மணந்துகொண்டு தூரத்திலை கரையைப் பார். கிட்டத் தண்ணியைப் பாக்காதை” என்றார். ஒருமுறையும் இப்படிப் பயணம் போகாதவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. மாமிக்கு எல்லாம் தெரியும் என்பது என் எண்ணம்.

நெடுந்தீவில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். குதிரை, பெருக்கமரம், ஒல்லாந்தர் கோட்டை, எல்லாம் இரண்டு மணித்தியாலத்தில் காட்டிக் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார்கள். “எனக்கு ஒருத்தரும் காட்டத் தேவையில்லை, தம்பி. கண் இருக்கு” என்று மாமி நடந்தார். துறைக்கு அருகில் ஒரு தேத்தண்ணிக்கடை. கடைக்கார அக்காவிடம் மாமி இரண்டு கேள்வி கேட்டார்: கடைசிப் போட் எத்தனை மணிக்கு, வாடகைக்குச் சைக்கிள் எங்கே கிடைக்கும்.

“ஆரைப் பாக்க வந்தனீங்கள்?” என்று அந்த அக்காவும் கேட்டார்.

“ஊரைப் பாக்க.”

அக்கா மாமியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடைக்குப் பின்னால் போய்த் தன்னுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். “எனக்கு ஒரு நாளும் நேரம் கிடைக்கேல்லை” என்றார். “பின் பிறேக் பிடியாது, பாத்து ஓடுங்கோ.”

அன்று நாங்கள் போன வழி எனக்கு இன்னும் மனப்பாடம். கரியரில் நான், மிதித்தது மாமி. இரண்டு பக்கமும் கடலில் எடுத்த முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலி. சுண்ணாம்புமில்லை, மண்ணுமில்லை, கல்லின்மேல் கல். மாமி இடைக்கிடை இறங்கி அந்த வேலியைத் தொட்டுப் பார்ப்பார், மிதித்துக் களைக்கும்போது ஒரு வீட்டில் தண்ணீர் கேட்பார், வழியையும் கேட்பார். கேட்ட இடமெல்லாம் நின்று கதைத்தார். தெற்கே வெளிக்கு வந்தபோது குதிரைகளைக் கண்டோம். நான் பாடப்புத்தகக் குதிரைகளை எதிர்பார்த்துப் போயிருந்தேன். இவை கட்டை, மெலிவு, உடம்பெல்லாம் புழுதி. ஏழெட்டு நின்றன. எங்களைக் கண்டதும் எல்லாம் ஒன்றாகத் திரும்பிப் பின்பக்கத்தைக் காட்டின.

“இவ்வளவு தூரம் வந்து இதைத்தான் பாக்கக் கிடைச்சுது” என்று மாமி சிரிக்கத் தொடங்கினார். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டுப் புல்லில் இருந்து சிரித்தார். குதிரைகள் மறுபடி திரும்பிப் பார்த்தன.

மத்தியானத்துக்குப் பிறகு காற்று மாறியது. நாங்கள் துறைக்கு வந்தபோது கடைசிப் போட் கயிற்றில் கட்டியபடியே ஆடிக்கொண்டிருந்தது. கடல் அடிக்கிறது, இன்றைக்கு இனி ஓடாது என்றார்கள். நான் அழுதேன். மாமி அப்பாவுக்கு ஃபோன் எடுத்தார். அப்பாவின் குரல் ஃபோனுக்கு வெளியே எனக்கே கேட்டது. அவர் முடிக்கும்வரை மாமி பொறுத்திருந்தார். “கடலை நான் கட்டி வைக்கேல்லை, அண்ணை. நாளைக்கு முதல் போட்டிலை வாறம்” என்று சொல்லிவிட்டு ஃபோனை நிறுத்தினார். கடைக்கார அக்கா தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கித் தந்தார்.

பொழுதுபட அவருடைய முற்றத்தில் இருந்தபோதும் என் அழுகை நிற்கவில்லை. மாமி என்னைத் தேற்றவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

“நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்கை எத்தினை ஊரிலை படுத்தனாங்கள். நீயும் வந்தனீதானே? என்ன ஞாபகம் இருக்கு, சொல்லு.”

யோசித்தேன். “ஒரு பச்சை வாளி” என்றேன்.

“எனக்கு அதுவும் இல்லை. ஐயாவைக் கதிரையோடை தூக்கிக்கொண்டு போனது. முன்னாலை போற ஆக்களின்ரை குதிக்காலைத்தான் பாத்தனான். எவ்வளவு குளம், எவ்வளவு காடு, ஒண்டையும் பாக்கேல்லை. அது ஓட்டம், பிள்ளை. இதுதான் போறது.”

எனக்கு விளங்கவில்லை. நாளைக்குக் கடல் அடிக்காதா என்று கேட்டேன். “அடிச்சால் நாளையிண்டைக்குப் போவம்” என்றார். நான் இன்னும் பலமாக அழுதேன்.

அடுத்த நாள் கடல் அடங்கியிருந்தது. குறிகட்டுவானில் அப்பா மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி நின்றார். தாடி வழித்திருக்கவில்லை. மாமி அவருக்கு நேரே போய் நின்றார்.

“வந்திட்டன்.”

“உனக்கு இது காணுமோ?”

“காணாது. அடுத்த மாசம் மன்னார்.”

ஏதோ வெடிக்கப்போகிறது என்று நான் காதைப் பொத்தத் தயாரானேன். அப்பா வண்டியை உதைத்து இயக்கினார், என்னைப் பார்த்து “ஏறு” என்றார். எங்கள் ஊரில் ஒரு மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போவதுண்டு. அப்பாவும் கொஞ்சம் முன்னே தள்ளி இருந்து இடம்விட்டார். “நீங்கள் போங்கோ. நான் பஸ்ஸிலை வாறன்” என்று மாமி யாழ்ப்பாண பஸ்ஸை நோக்கி நடந்தார்.

வழியில் அப்பா என் அறிக்கையைக் கேட்டார். மாமி ஆரோடை கதைச்சவ?

“எல்லாரோடையும்” என்றேன்.

 இறுப்பிட்டிக்குத் திரும்பும் சந்தியில் அப்பா வண்டியை மரநிழலில் நிறுத்தினார். வாசல்படி மிதிக்கப்படாது என்று சொன்ன மனிதர், “பையோடை அவ்வளவு தூரம் நடக்க ஏலாது அவளுக்கு” என்று முணுமுணுத்தார். இருவரும் காத்திருந்தோம்.

பஸ் வந்தது. யன்னலோரத்தில் மாமி. அப்பா கையைத் தூக்கினார், பஸ் வேகத்தைக் குறைத்தது. மாமி எழும்பவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, இறங்க யாருமில்லை என்று கண்டு மணியை அடித்தார். பஸ் எங்களைத் தாண்டி யாழ்ப்பாணப் பக்கம் போயிற்று. “மாமி, இறங்குங்கோ! எங்கடை சந்தி!” என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். மாமி யன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். புழுதி மூடியது.

அப்பா அந்தத் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

பின்னேரப் பஸ்ஸில் மாமி வந்து சேரும்வரை நான் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தன் சொந்தச் சந்தியை ஒரு ஆள் எப்படித் தவறவிடுவது? மாமி நித்திரையாகிவிட்டார், பாவம், அவரை ஒருவரும் எழுப்பவில்லை என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். நித்திரையானவர் கையை ஆட்டமாட்டார் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.