ஸ்டெப்னிக்குக் கிடைத்த ஆட்டம்

தேசிய மகளிர் கால்பந்தின் முதல் அணியில் இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டாம் அணி. அதிலும் இரண்டாவது கோல்கீப்பர் என்றால் அவள் பிழைப்பைச் சொல்லவும் வேண்டுமா? கூட ஆடும் பெண்கள் ‘ஸ்டெப்னி’ என்று பெயர் வைத்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். தபால் ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கி வருகிறவள். வயது ஏறிக்கொண்டிருந்தது. நாட்டுக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும் என்றிருந்தது.

இந்த இரண்டாம் அணி ஆடப்போன சர்வதேசப் போட்டியிலும் அவளுக்கு வழக்கம்போல் பெஞ்சுதான். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கோல்கீப்பரை நிற்கவைத்துப் பந்தை உதைத்துத் தருவது அவள் வேலை. பந்து நேராகக் கைக்குள் போய் விழ வேண்டும். பிடிக்கப் பிடிக்கத்தான் கைக்குத் தெம்பு வரும். தான் நிற்க ஏங்கும் இடத்துக்கு இன்னொருத்தியைத் தேற்றி அனுப்பினால் வயிறு எரியாதா என்ன? எரிந்தது. ஆனாலும் ஒருநாளும் மாற்றி அடித்ததில்லை.

கடைசி ஆட்டத்தன்று முதல் கோல்கீப்பரே கேட்டாள். “என்னடி, குழந்தைக்குப் போடற மாதிரி போடறே? வேகமா அடி.”

அடித்தாள். பந்து விரலை மடக்கிக்கொண்டு போயிற்று. முதல் கோல்கீப்பர் கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லாரும் ஓடிவந்தார்கள்.

“என்ன பண்ணே நீ?” என்றார் பயிற்சியாளர்.

அடிபட்டவளின் முகத்தைப் பார்த்தாள். ‘நான்தான் அடிக்கச் சொன்னேன்’ என்ற ஒரு வார்த்தை வரவில்லை. வலியில் மறந்தாளோ, மனசில் வேறு என்ன இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். தானே சொல்லலாம்தான். ஸ்டெப்னி சொல் அம்பலம் ஏறுமா?

“போ, நீ போய் நில்லு” என்றார் அவர்.

நின்றாள். வந்த பந்தையெல்லாம் பிடித்தாள். ஆனால் எவ்வளவு நெருக்கடியிலும் அவள் அணிப் பெண்கள் நம்பிப் பந்தைப் பின்னால் அவளிடம் தள்ளவில்லை. கோட்டுக்கு வெளியே உதைத்தார்கள். ஒரே கோலில் ஜெயித்தார்கள்.

விசில் ஊதியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் எல்லாரும் பெஞ்சுக்குப் போய், கட்டுப் போட்ட கையோடு இருந்தவளைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். விரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் கிளவுஸைக் கழற்றினாள். அவமானத்தைவிட, தனியாக நிற்பதுதான் அதிகம் வலித்தது.

விடுதி அறைக்கு வந்ததும் அக்கா போன் செய்தாள். “டிவில பாத்தோம்டி. கத்திக் கத்தித் தொண்டையே கட்டிப்போச்சு. அதுசரி, அத்தனை பந்தையும் பிடிச்சது நீ. அந்தப் பொண்ணை எதுக்குத் தூக்கிக் கொண்டாடறாங்க?”

அவள் பக்கத்தில் காலியாகக் கிடந்த முதல் கோல்கீப்பரின் கட்டிலைப் பார்த்தாள்.

“அவளுக்குத்தானே அக்கா அடிபட்டுச்சு” என்றாள்.