எனக்கு ஏற வேண்டும், அவளுக்கு இறங்க வேண்டும்

என் ஈரல் கெட்டுப்போய்விட்டது, மாற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார்கள். தன் ஈரலில் ஒரு பகுதியைத் தருவதாக என் மனைவி சொன்னாள். திருப்பதி ஆஸ்பத்திரியில் எங்கள் இருவரையும் சோதித்தபின், சாப்பாட்டு முறை சொல்லும் பெண் தெலுங்கில் விளக்கினாள். நான் எலும்பும் தோலுமாக இருக்கிறேன், உடம்பு தேறினால்தான் ஆபரேஷனைத் தாங்குவேன். மனைவியின் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அவள் இளைத்தால்தான் அதை எடுக்க முடியும். இரண்டும் நடந்தால்தான் ஆபரேஷனுக்குத் தேதி.

அன்றிலிருந்து நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு சமையல். எனக்கு முட்டை, மீன், பருப்பு, படுக்கும் முன் பாலில் கலந்த சத்துமாவு. அவளுக்குக் கீரை, வெள்ளரிக்காய், ஒரு கை கொள்ளு. விசைத்தறியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, பசியோடு எனக்கு மீன் வறுப்பாள். உப்புக் குறைத்த மீனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நான் முன்கோபக்காரன். நோய் அதற்கு ஒரு சாக்காகவும் அமைந்துவிட்டது.

"இன்னும் ஒரு வாய் துன்னுய்யா" என்பாள். தட்டைத் தள்ளிவிடுவேன்.

ஒரு நாள் அப்படித் தள்ளிய தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கலாமென்று பின்னாலேயே போனேன். நான் மிச்சம் வைத்த முட்டையை நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள்.

"இன்னாடி துன்ற? உனுக்குக் கொழுப்பு எறங்கலன்னா என் கதி இன்னா ஆவறது?"

வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தாள். "தப்புதான்யா. இனிமே துன்னமாட்டேன்" என்றாள். சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அவள் வயிற்றுக்குள் இருந்த ஈரலை அப்போதே என் சொத்தாக நினைத்துவிட்டேன். எழுதும்போதும் கூசுகிறது.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுக்குக் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. எனக்குத்தான் எடை ஏறவே இல்லை. "அம்மா தயார். உங்களால்தான் தள்ளிப்போகிறது" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

நான் வாய் திறப்பதற்குள் மனைவி தெலுங்கில் முந்திக்கொண்டாள். "அவர் வாய்க்குப் பிடித்த மாதிரி நான்தான் சமைத்துப் போடவில்லை" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை உரித்து என் கையில் வைத்தாள். குமட்டக் குமட்ட முழுவதையும் தின்றேன். தின்று முடிக்கும்வரை அவள் முட்டைப் பக்கம் திரும்பாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.